எங்கள் ஸ்டேசனுக்குப் புலி வந்த வரலாறு

மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குத் தெற்கே, எங்கள் ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு குட்டி ரயில் நிலையம் இருந்தது. ஒரு பலகைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, ஒரு மணி, ஒரு ஸ்டேசன் மாஸ்டர். அந்தக் காலத்துத் துரை ஒருவர் ரப்பர் ஷீட் ஏற்றுவதற்காகக் கேட்டு வாங்கியது. அதற்குப் பிறகு அங்கே உருப்படியாக எதுவும் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ரயில்வே மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சின்ன நிலையங்கள் சிலவற்றை மூடப் போகிறார்களாம். பழைய நிலையங்களைப் பற்றி ஒரு மலரும் போடுகிறார்களாம். சொல்லும்படியான வரலாறு இருந்தால் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், பார்த்து முடிவு செய்கிறோம் என்றிருந்தது. மாஸ்டர் அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நான் தோட்ட ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. தொழிலாளர் லயத்தில் கல்யாணப் பத்திரிகை முதல் மொட்டைக் கடிதம் வரை என் கைதான்.

மூடினால் மாஸ்டருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிடும். திண்டாடப் போவது ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அக்கா ஒருவர்தான். அவர் கணவர் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து, பத்து காஜா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா தினமும் வேலை முடிந்து மதிய ரயிலில் சோறு கொண்டு போவார், சாயங்கால ரயிலில் திரும்புவார். ரயில் நிற்காவிட்டால் பஸ் ரோட்டுக்கே ஐந்து மைல் நடை. ஏதாவது நல்லபடியாக எழுது தம்பி என்று அக்கா கேட்டுக்கொண்டார்.

எழுதினேன். முன்னொரு காலத்தில் எங்கள் பிளாட்பாரத்துக்கு ஒரு புலி வந்தது. அன்றைய ஸ்டேசன் மாஸ்டர் பதறாமல் பச்சைக் கொடி காட்ட, அது தண்டவாளத்து வழியாகவே ஒழுங்காகப் புறப்பட்டுப் போனது. அதன் நகக்கீறல் இன்றும் கொட்டகையின் மரத்தூணில் இருக்கிறது. புலி தன் கடையில் ரொட்டி தின்றதாகவும் சேர்க்கச் சொன்னார் டீக்கடைக்காரர். மறுத்துவிட்டேன். வரலாற்றில் பொய் எழுதலாமா?

பதில் ஒரே வாரத்தில் வந்தது. நகக்கீறலைப் பார்க்க வியாழக்கிழமை ஓர் அதிகாரி வருகிறார். தூணிலோ கீறல் என்று ஒன்றுகூட இல்லை.

வீட்டுக் கத்தியால் நான் முயன்றேன். எலி பிராண்டியது போல வந்தது. மாஸ்டர் திருப்புளியால் முயன்று கட்டை விரலைக் கிழித்துக்கொண்டார். கடைசியில் அக்கா, தள்ளுங்க என்று சொல்லி, பால் வெட்டும் கத்தியை எடுத்தார். தோட்டத்திலேயே நல்ல கை அவருடையது. நான்கு கீறல், நான்கே இழுப்பில் முடிந்தது. தள்ளி நின்று பார்த்தோம். புலிக்கே இவ்வளவு நேர்த்தி வராது என்று எனக்கு ஒரே பெருமை.

வியாழன் மதியம் வந்த அதிகாரி தலை நரைத்த தமிழர். பத்து காஜா பக்கமிருந்து வந்த வண்டியில் இறங்கினார், பத்து காஜா போகும் மதிய வண்டியில் திரும்ப வேண்டியவர். தூணருகே குனிந்து விரலால் தடவினார். நான்கு கீறலும் ஒரே சரிவு, ஒரே இடைவெளி. போதாததற்கு, கை பழகிய பழக்கத்தில், கீழே பால் வடிய அக்கா ஒரு சின்ன வாய்க்காலும் வெட்டி வைத்திருந்தார்.

"இந்தப் புலி எத்தனை வருசமா பால் வெட்டுது?" என்று கேட்டார்.

அதிகாரியின் அப்பாவும் அம்மாவும் ஆயர் தாவார் பக்கத் தோட்டத்தில் பால் வெட்டியவர்களாம். மாஸ்டர் பச்சைக் கொடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அக்காவின் ரயிலை நானே கெடுத்துவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது.

சோற்றுக் கேரியரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தார்.

"பத்தொம்பது வருசம் சார். நான்தான் வெட்டுனேன், இவங்கள ஒன்னும் சொல்லாதீங்க. இங்க ரயிலு நிக்கலன்னா எங்க வீட்டுக்காரரு பசியில கெடப்பாரு."

அதிகாரி மறுபடியும் தூணைப் பார்த்தார். "மரத்துக்குக் காயம் படாம வெட்டியிருக்கீங்கக்கா," என்றார். செத்த மரத்துக்கு! பிறகு பத்து காஜா வண்டி வந்தது. அக்கா ஏறும்வரை கேரியரை அவரே பிடித்துக்கொண்டிருந்து, பின்னாலேயே ஏறிப் போனார்.

நிலையத்தை மூடவில்லை. சில மாதம் கழித்து மலரும் வந்தது. என் புலியைக் காணோம். பெரிய நிலையங்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாக இருக்க, எங்களுக்கு மலாயில் ஒரே ஒரு வரி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மதிய ரயிலுக்கு நின்றிருந்த அக்காவிடம் போய், பாருங்கள் இந்த அநியாயத்தை என்று தமிழில் படித்துக் காட்டினேன்: இந்த நிலையத்தைப் பொதுமக்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள்.

அக்கா யோசித்தார். "பொதுமக்கள்னா யாரு தம்பி, நானா?"

அந்த ரயிலுக்கு அங்கே வேறு யாரும் நிற்கவில்லை. ஆமாம் என்றேன்.

"அப்ப அந்த சாரு சரியாத்தான்லா எழுதியிருக்காரு," என்று சொல்லிவிட்டு, கேரியரைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்.