பென்குயின் படக்காரருக்குப் போகாத பதில்

2006ஆம் ஆண்டு, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிய மாதங்களில் நடந்தது இது. நாங்கள் அப்போது வேலணைத் தீவில், சரவணையில் இருந்தோம். நானும் அம்மாவும் மட்டும். நான் பக்கத்துப் பாடசாலையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போவேன். வீட்டில் சொன்ன காரணம் கணினி வகுப்பு. உண்மையான காரணம் சண்டை.

கையால் பிடிக்கும் சண்டை அல்ல. வகுப்பு முடிந்ததும் அருகிலிருந்த இன்டர்நெட் கடையில் ஒரு மணி நேரம் எடுப்பேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் நடத்திய ஒரு கருத்துக்களம் இருந்தது. யாரும் எதையும் எழுதலாம், யாரும் பதில் சொல்லலாம். அதில் அரசியல் பகுதிப் பக்கம் நான் தலைவைத்தும் படுப்பதில்லை. கணினிப் பகுதியில்தான் குடியிருந்தேன். அங்கே கணினியை இயக்க எந்த மென்பொருள் நல்லது என்று விண்டோஸ் கட்சி, லினக்ஸ் கட்சி என இரண்டு கட்சிகள் வருடக்கணக்காக அடிபட்டுக்கொண்டிருந்தன. நான் விண்டோஸ் கட்சி. மற்றதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை என்பதால் என் கொள்கையில் நான் மிக உறுதியாக இருந்தேன். பெண்பிள்ளை என்று தெரிந்தால் தேவையில்லாத தனிமடல்கள் வந்து குவியும் என்று 'சண்டியன்' எனப் பெயர் வைத்திருந்தேன்.

மற்றவர்கள் நாளுக்குப் பத்துத் தரம் எழுதுவார்கள். எனக்கு வாரத்துக்கு ஒரு தரம்தான். நான் போய்ச் சேரும்போது வாதம் பல பக்கங்கள் தாண்டி வேறெங்கோ போயிருக்கும். நான் விடமாட்டேன். போன சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குவேன். மற்றவர்களுக்கு என்னைக் கண்டாலே அலுப்பு. எதிர்க்கட்சியில் ஒரேயொருவர் மட்டும் எனக்காக அந்த இடத்திலேயே நிற்பார். பெயருக்குப் பக்கத்தில் லினக்ஸின் சின்னமான ஒரு பென்குயின் படம் போட்டிருப்பார். "வாரும் தம்பி சண்டியன், உம்மைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்று எழுதிவிட்டு, என் வாதத்தை வரி வரியாகப் பிரித்து மேய்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை வகுப்பில் இருக்கும்போதே கை துறுதுறுக்கும்.

எங்கள் வீட்டில் கணினி வந்ததற்குக் காரணம் அண்ணன். அவர் பிரான்ஸில் பல வருடங்களாக விசா இல்லாமல் இருந்தார். அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. போகாவிட்டால் அம்மாவைப் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டுப் போனுக்கு எடுப்பார். அங்கே நாலு பேர் சுற்றி நிற்க, அம்மா "ஓம், சுகம், ஓம்" என்று கத்திவிட்டு ரிசீவரை என் கையில் தந்துவிடுவார். அண்ணனுக்கு அது போதவில்லை. கணினி ஒன்று வாங்கி, அம்மாவை ஆறுதலாகக் கதைக்கவிட்டு, அந்தக் குரலைப் பதிந்து அனுப்பச் சொன்னார். அப்படித்தான் பழைய பெட்டி ஒன்று வாங்கினோம்.

எனக்குத் தெரிந்த பதிவு முறையில் ஒரு நிமிடம் மட்டுமே பதியும். நிமிடம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். அம்மா பாதி வசனத்தில் இருப்பார். "இதென்ன, ஒரு கதை முழுசாச் சொல்ல விடுகுதில்லை" என்று கணினியைப் பேசுவார். மீன் விலை, வேலி அடைத்த கதை, யார் வீட்டில் கலியாணம் என்று கொஞ்சம் கொஞ்சமாக நிறைய நிமிடங்கள் சேர்ந்தன. அவற்றை அவ்வப்போது அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. இன்னும் சொல்லி முடிக்கவில்லை, முடிந்த பிறகு ஒன்றாக அனுப்பு என்றார்.

முடிக்கவில்லை. முந்திய வருட மார்கழியில் ஒரு காலை அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. எல்லாம் விளங்கும், கண் பேசும், வாயில் ஒரு முனகலைத் தவிர ஒன்றும் வராது. அண்ணன் போன் எடுத்தால் ரிசீவரை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தாலும் அம்மாவால் பதில் சொல்ல முடியாது. பெட்டிக்குள் இருந்த அந்த நிமிடங்கள்தான் அம்மாவின் குரலென்று மிச்சம் இருந்தவை. ஆஸ்பத்திரி, மருந்து, எண்ணெய் என்று ஓடித்திரிந்ததில் அவற்றை அனுப்ப எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மாதங்கள் கழித்து, கொஞ்சம் மூச்சுவிட்டு வந்து கணினியைப் போட்டபோது அது எழும்பவில்லை. திரை கறுப்பாகவே கிடந்தது.

நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. அம்மா கட்டிலில் கிடந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டணம் போகலாம்தான். போரை நிறுத்திய சமாதானம் அப்போது பெயருக்கு மட்டும் இருந்தது. பாதையில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அதைத் திறந்து காட்டி விளக்கம் சொல்லிக் கடக்க என்னால் முடியாது. சனிக்கிழமை அம்மாவைப் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டுப் போய், பட்டணத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். கொண்டுவந்தால் போர்மட் பண்ணித் தரலாம், உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்றார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் கருத்துக்களத்தில் எழுதினேன். கணினி எழும்பவில்லை, உள்ளே அம்மாவின் குரல் இருக்கிறது, அழியாமல் எடுக்க வழி சொல்லுங்கள் என்று.

அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால் ஒரு பெரிய போரே நடந்து முடிந்திருந்தது. எங்கள் கட்சிக்காரர்கள் விண்டோஸைத் திரும்பப் போடச் சொன்னார்கள். எதிர்க்கட்சி, விண்டோஸ் வைத்திருந்ததற்கு இதுதான் தண்டனை, அழித்துவிட்டு லினக்ஸ் போடு என்றது. பிறகு என்னை மறந்துவிட்டு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். எது அடிக்கடி விழும், எது எழும்பும், யாருக்கு மூளை இருக்கிறது என்று பக்கம் பக்கமாக. இத்தனை நாள் நானும் இதைத்தானே செய்துகொண்டிருந்தேன் என்று நினைக்க முகம் சுட்டது.

கடைசிப் பக்கத்தில் பென்குயின் படக்காரர் எழுதியிருந்தார். கட்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை. "தம்பி, ஆர் சொன்னாலும் போர்மட் பண்ணிப் போடாதையும். பெட்டியைப் போடேக்க ஏதும் சத்தம் வருதோ எண்டு கேட்டு வந்து எழுதும்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஒரு நீட்டான கூவல், நின்று, திரும்பவும் கூவியது. அதைக் கொண்டுபோய் எழுத எனக்கு இன்னொரு கிழமை. எழுதிவிட்டுக் கடையிலேயே காத்திருந்தேன். அன்றைக்கு அவரும் அந்த நேரம் இருந்தார் போலும், உடனே பதில் வந்தது. வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம், பெட்டி வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் பெருமையாகவே எழுதினேன். வகுப்பில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்தது, கணினிக்குச் சூடு கூடாது என்பது. அங்கே குளிரூட்டிய அறை. எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. அதனால் அம்மாவின் கட்டிலைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நல்ல காற்று வரும் மேற்கு யன்னலடியில் கணினியை வைத்திருந்தேன். எனக்கில்லாத காற்று அதற்கா என்று அம்மா அப்போது பகிடி பண்ணியதையும் எழுதினேன்.

"அப்ப சோளகம் நேர அதுக்கை தான் அடிக்குது" என்று வந்தது பதில்.

அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். கனடாவிலோ ஜெர்மனியிலோ இருந்து நுட்பம் பேசும் ஒரு ஆள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு யன்னலில் எந்த மாதம் என்ன காற்று அடிக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

பழுது விண்டோஸிலும் இல்லை, லினக்ஸ் இல்லாததிலும் இல்லை, உப்பில்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். அந்தக் கூவல் மெமரி சரியாகப் பொருந்தவில்லை என்பதற்கான அடையாளமாம். பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். கரண்ட் வயரைக் கழற்று, பக்கத் தகட்டைத் திற, மெமரித் துண்டின் இரண்டு கரையிலும் உள்ள கொக்கியை விலக்கி வெளியே எடு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய். குரல் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்காதே என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தார்.

மறுநாள் மத்தியானம், அம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கத் திறந்தேன். உப்புச் சாடி மூடியில் பூத்திருப்பதுபோல உள்ளே தகட்டு விளிம்புகளில் வெள்ளை பூத்திருந்தது. மெமரித் துண்டின் பொன்னிறப் பற்கள் மங்கிக் கிடந்தன. தேய்க்கத் தேய்க்க அழிறப்பர் கறுத்தது. திரும்ப வைத்து அழுத்தினேன், கொக்கிகள் தாமாக எழும்பிப் பூட்டிக்கொண்டன. சுவிட்சைப் போட்டேன். கூவல் இல்லை. ஒரு சின்னச் சத்தம், பிறகு திரை வெளிச்சமானது.

கையில் முதலில் அகப்பட்ட நிமிடத்தைப் போட்டேன். திரளி மீன் வாங்கிய கதை. அம்மா திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார், யாரோ வந்து கதைக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு விளங்கியது. உதடுகள் அசைந்தன. நிமிடம் முடிந்து கதை பாதியில் நின்றதும், பழையபடி கணினியைக் கோபமாக ஒரு பார்வை பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அடுத்த சனிக்கிழமை பிளாப்பியில் ஒரு நிமிடத்தை ஏற்றிக்கொண்டு போய் அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு பிளாப்பியில் அவ்வளவுதான் கொள்ளும். கருத்துக்களத்திலும் செய்தியை எழுதினேன். இரண்டு கட்சிகளும் அதைத் தங்கள் வெற்றி என்றன. பென்குயின் படக்காரர் அங்கே ஒன்றும் எழுதவில்லை. தனிமடல் அனுப்பியிருந்தார்.

"தம்பி, நான் நெடுந்தீவு. வெளிக்கிட்ட அண்டைக்கு அம்மா இறங்குதுறைக்கு வந்து நிண்டவ. அதுக்குப் பிறகு அவவோட கதைக்கக் கிடைக்கேல்ல, அப்ப அங்க போன் இல்லை. அவ மோசம்போய்ச் செத்தவீடு நடந்ததையும் கடிதத்திலதான் அறிஞ்சனான். படம் ஒண்டு இருக்கு. குரல் மறந்துபோச்சு. உம்மட அம்மான்ர ஒரு நிமிசத்தை எனக்கும் அனுப்ப ஏலுமோ? எங்கட பக்கத்துக் கதையாய் இருந்தால் காணும். ஏலாதெண்டால் குறை நினைக்கமாட்டன்."

இது நான் முடிவெடுக்கும் விஷயம் இல்லை. ஒரு தாளில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு நிமிடங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். நல்ல பகிடிக் கதைகள் வந்தபோதும் அம்மா அசையவில்லை. ஒன்று வந்தபோது மட்டும் இடது கையைத் தூக்கினார்.

"தம்பி, சாப்பிட்டனியே?" என்று தொடங்கும் நிமிடம் அது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி, கண்ட நேரம் படுக்காதே என்று பேச்சு. கடைசியில், "வரேக்க ஒண்டும் வாங்கிக்கொண்டு வராதை. வெறுங்கையோட வா. வந்து" என்பதோடு பதிவு நின்றுவிடும். இதைப் போய் ஏன் தெரிந்தெடுத்தார் என்று முதலில் யோசித்தேன். இரண்டாம் தரம் கேட்டபோதுதான் விளங்கியது. அந்த ஒன்றில்தான் அண்ணனின் பெயர் இல்லை, எந்தத் தாயும் மகனைக் கூப்பிடும் 'தம்பி' மட்டும்தான்.

அனுப்பினேன். அடுத்த கிழமை அவருடைய பதில் இருந்தது. பிள்ளைகள் யார் இது என்று கேட்டார்களாம். "உங்கட அப்பம்மா எண்டு சொல்லிப்போட்டன், மன்னியும்" என்று எழுதியிருந்தார். கீழே ஒரு கேள்வி. "'வந்து' எண்டதோட நிண்டுபோச்சு. அதுக்குப் பிறகு அம்மா என்ன சொன்னவ? ஞாபகம் இருந்தால் எழுதும்."

எனக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்குப் பதிவு நின்ற பிறகும் அம்மா கதைத்துக்கொண்டேயிருந்தார், குழப்ப மனமில்லாமல் நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன். பதில் எழுதத் தொடங்கினேன். கடையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போடும் வரைக்கும் நின்றால் தீவுக்குக் கடைசி பஸ் போய்விடும். அடுத்த சனிக்கிழமை எழுதலாம் என்று எழும்பினேன்.

அந்த அடுத்த சனிக்கிழமை வரவில்லை. ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கியது. மண்டைதீவுப் பக்கம் செல் விழுந்து வெடித்தது, பாதையைப் பூட்டினார்கள், போனும் இல்லாமல் போனது. அம்மாவோடு வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். நான் மறுபடி ஒரு கணினிக்கு முன்னால் இருந்து இன்டர்நெட்டைத் திறக்க எத்தனையோ மாதங்கள் சென்றன. கருத்துக்களம் இல்லை. நடத்தியவர்கள் கைவிட்டுவிட்டார்கள். அம்மாவின் குரலை அனுப்ப அவர் தந்திருந்த மின்னஞ்சலுக்கு எழுதினேன், அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. ஒவ்வொரு வருடமும் ஒரு தரம் எழுதிப் பார்த்தேன், திரும்பி வந்தது.

அம்மா பிறகு போய்விட்டார். அண்ணன் வரவில்லை, நிமிடங்கள் எல்லாம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. இப்போது பாதை திறந்து கிடக்கிறது. குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்கு நிற்கும், வெளிநாட்டிலிருந்து வந்த நம்மவர்களில் தலை நரைத்த ஆண்களைக் கண்டால், கூச்சத்தைவிட்டு முகத்தைப் பார்ப்பேன். பெயரும் தெரியாது, முகமும் தெரியாது, என்னவென்று கேட்பது? ஒரு பென்குயின் படம் மட்டுமே எனக்குத் தெரியும்.

எங்கேயாவது இருந்து நீங்கள் இதை வாசிக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன், அண்ணை. உங்களோடு வாரம் தவறாமல் மல்லுக்கட்டிய தம்பி சண்டியன் ஒரு பெண். கணினி இப்போது உள் அறையில் இருக்கிறது. நீங்கள் கேட்டதற்குப் பதில், அம்மா அன்றைக்குச் சொன்னது இதுதான்: "வந்து, என்ர கண்ணுக்கு முன்னால ரெண்டு நாளைக்குச் சும்மா இரு." என் அண்ணனுக்கு அதை நான் எப்போதோ சொல்லிவிட்டேன், உங்களுக்குச் சொல்ல வேண்டியதுதான் இத்தனை காலமாக என் தொண்டையிலேயே நிற்கிறது.