வலது காதில் கேட்டது

மகளின் ஜாஸ் ஆல்பம் வந்து மூன்று கிழமையாக அதை ஒவ்வொரு நாளும் கேட்டேன். பாட்டு ஒன்றும் இல்லை. அவளும் அவளுடைய தோழியும் ஆளுக்கொரு டெனர் சாக்ஸபோன் ஊதுகிறார்கள், பின்னால் டிரம்ஸ். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இசை விளங்காது. இசைப் படிப்பு சோறு போடாது என்று அவளோடு இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவனும் நான்தான். அதனால் இந்த முறை ஒழுங்காகக் கேட்டு, இன்ன இடம் நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட நினைத்தேன்.

வீட்டில் டிவி ஓயாது. கேட்டதெல்லாம் வெயர்ஹவுசில், பெட்டி அடுக்கும்போது. வயர் வைத்த இயர்போன், வலது காதில் மட்டும். இடது காது ஃபோர்க்லிஃப்ட் வருகிற சத்தத்துக்கும் சுப்பர்வைசர் கூப்பிடுவதற்கும். இத்தனை வருடத்தில் அவர் ஒரு நாளும் கத்திக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தான் தனியாக இருக்கிற பார்க்டேலிலிருந்து விட்பியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். நண்டுக்காலை உடைத்துக்கொண்டே தொடங்கினேன்.

“மூண்டாவது ட்ராக்கிலை, எல்லாம் அடங்கினாப் பிறகு மெல்லமா வாறாய் பிள்ளை. ஆரோ கதவடியிலை நிண்டு, உள்ளுக்கை வரட்டோ எண்டு கேக்கிற மாதிரி. வேலையிலை எல்லாருக்கும் சொன்னனான், இது என்ரை மகள் எண்டு.”

அவள் கை சோற்றிலேயே நின்றது.

“அப்பா, அது நான் இல்லை. அது என்ரை ஃப்ரெண்ட்.”

“நீ இல்லையோ?”

“நான் லெஃப்ட், அவள் ரைட். அப்பிடித்தான் ரெக்கோர்ட் பண்ணினது. லெஃப்ட் காதிலை என்ன கேட்டது?”

என் வாயில் உண்மைதான் வந்தது. “ஃபோர்க்லிஃப்ட்.”

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “மூண்டு கிழமையா ஊரார் பிள்ளையை மெச்சிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார்!”

மகளும் சிரித்தாள். ஆனால் மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. நான் கை கழுவ எழுந்துபோய், தண்ணீரைத் திறந்துவிட்டபடி அங்கேயே நின்றேன்.

திங்கட்கிழமை இயர்போனின் வலதுபக்கத்தைத் தொங்கவிட்டு, இடதுபக்கத்தை இடது காதில் போட்டேன். மகளின் ஊதல் கரகரவென்று இருந்தது, எதற்கோ அவசரப்படுவது போல. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. மூன்று தரம் கேட்டேன். எனக்குப் பிடித்தது மற்றவளுடையதுதான்.

பின்னேரம் மகள் அழைத்தாள். “இப்ப கேட்டீங்களோ?”

“ஓம் பிள்ளை. நல்லா இருக்கு.”

“எவடம் நல்லா இருக்கு?”

“எல்லாம்தான்.”

“ஓகே அப்பா.” வைத்துவிட்டாள்.

நாளைக்கும் இடது காதில்தான் போட வேண்டும். ஒரு இடமாவது பிடிபடாமல் அடுத்த ஞாயிறு அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?