வைரசுக்கு வைத்த பெயர்

என் காலில் புண் சீழ் பிடித்த அன்றே உரும்பிராய்த் தோட்ட முதலாளி கந்தையா என்னை வேலையை விட்டுத் துரத்தினார். பிறகு ஓர் ஆய்வுகூடத்துக்கு ஊர் ஊராய் மண் அள்ளிக் கொடுத்தேன். கந்தையாவின் தோட்டத்து எருக்குவியலடியில் அள்ளிய மண்ணில் ஒரு புது வைரஸ் அகப்பட்டது.

“மண் கொண்டுவந்த ஆள்தான் பேர் வைக்கிறது, அண்ணை,” என்றாள் ஆய்வு மாணவி.

“கந்தையா எண்டு வை, பிள்ளை. நாசம் பிடிச்சதுக்கு அதுதான் பொருத்தம்.”

அவள் சிரித்தபடி ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாள். பனிமூட்டம்போல் படர்ந்த கிருமிகளுக்கு நடுவே தெளிந்த வட்டங்கள் இருந்தன.

“உந்த வைரஸ் ஆக்களை ஒண்டும் செய்யாது. புண்ணிலை சீழ் வைக்கிற கிருமியைத்தான் கொல்லும். கிருமி செத்த இடம்தான் உந்த வட்டங்கள்.”

“அப்ப அந்தப் பேரை வெட்டு!”

“வேறை என்ன பேர்?”

“உன்ரை பேரை வை.”

அவர் துரத்தியதைக்கூட ஒருநாள் மன்னிக்கக்கூடும். ஒரு நன்மைக்கு அவர் பெயரை வைக்க மட்டும் இன்றும் எனக்கு மனம் வராது.