அது டிரைபாடின் கால் இல்லை

அறிவியல் கண்காட்சிக்குத் தலைமை விருந்தினராக வந்தவரே, நீங்கள் மேடையில் சொன்னது பொய். செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலைப் பாறையைப் படம் பிடித்து வால்நட்சத்திரம் என்று நான் யாரையும் ஏமாற்றவில்லை.

நான் பள்ளி ஆய்வக உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுவதும் அமில பாட்டில்களைப் பூட்டி வைப்பதும் என் வேலை. ஐரோப்பாக்காரர்கள் அனுப்பிய விண்கலம் ஒன்று பத்து வருஷம் ஓடி ஒரு வால்நட்சத்திரத்தைப் பிடித்தது. துணி துவைக்கும் மெஷின் அளவுள்ள ஒரு கலத்தை அதன்மேல் இறக்கியது. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அதே நினைப்பு. இறங்கிய கலத்தின் கொக்கி வேலை செய்யவில்லை. எகிறிக் குதித்து ஒரு பாறை நிழலில் போய்ச் சிக்கியது. வெயில் இல்லாமல் பேட்டரி மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. அதற்குள் பார்த்ததையெல்லாம் பூமிக்கு அனுப்பிவிட்டுத்தான் அடங்கியது. அப்படி வந்த படத்தைத்தான் பெரிதாக அச்சடித்துக் கண்காட்சியில் ஒட்டியிருந்தேன்.

படத்துக்கு முன்னால் மீன்கடை ஐஸ், மண், கரித்தூள் பிசைந்து ஒரு வால்நட்சத்திரம் செய்து வைத்தேன். நிஜ வால்நட்சத்திரத்தில் அம்மோனியா நெடி உண்டு என்று அந்த விண்கலம் கண்டுபிடித்திருந்ததால் நாலு சொட்டு விட்டேன். நீங்கள் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தீர்கள்.

"இன்னாமா, மீன் மார்க்கெட்டா இது?"

"வால்நட்சத்திரம் சார். கிட்ட போனா இப்டித்தான் நாறும்."

படத்தைப் பார்த்தீர்கள். "இது ராஜகிரி பின்பக்கம்தான? எத்தினி வாட்டி ஏறியிருப்பேன்! ஓரத்துல பாரு, கேமரா டிரைபாட் காலக்கூட மறைக்கத் தெரியல."

அது அந்தக் கலத்தின் கால். நான் வாய் திறப்பதற்குள் மேடையேறி மைக்கில் அதையே சொன்னீர்கள். அரங்கமே சிரித்தது.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். படம் ஏற்கெனவே சுருட்டி அவர் மேசைக்கடியில் கிடந்தது.

"பெரிய மனுசன் சொல்லிட்டாரு, வுடும்மா. தப்பாயிடுச்சின்னு ரெண்டு வரி எழுதிக் குடு. இல்லன்னா வெள்ளிக்கிழமை லேப் சாவியக் குடுத்துட்டு ஆபீஸ்ல வந்து உக்காரு."

"இன்னா தப்பு சார்? ராஜகிரியத் தூக்கினு வந்தனா?"

"உனுக்கு வாய் ஜாஸ்தி."

ஆமாம், ஜாஸ்திதான். எழுதவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி ஏறினேன். முதல்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கும் நம்ம ஊர்ப் பாறைதான் நினைவுக்கு வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ராஜகிரியில் விரிசல் இருந்தால் அதில் ஒரு முள்செடி இருக்கிறது. கை எட்டும் பாறையில் எவனாவது காதலி பெயரைச் சுண்ணாம்பில் எழுதியிருக்கிறான். நிழலுக்குள்ளும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது, ஏனென்றால் இங்கே காற்று இருக்கிறது. படத்தில் செடி இல்லை, எழுத்து இல்லை, நிழல் தார் மாதிரி இருக்கிறது. பின்பக்கம் முழுக்கச் சுற்றினேன். அந்தப் பாறை அங்கே இல்லை.

ஆய்வகச் சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பிரேயருக்கு வாருங்கள். அதே மேடை, அதே மைக். பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். படத்தை நான் கொண்டு வருகிறேன். ராஜகிரியில் அது எந்தப் பாறை? அவர்கள் முன்னால் பதில் சொல்லுங்கள்.