மறைமலை நகரில் அழுத்தம் போன தண்ணீர்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை மறைமலை நகர் போய் வந்தேன். அங்கே ஒரு ஆய்வகத்தில் என் மனைவி ஜென்சி பூட்டி வைத்துவிட்டுப் போன எஃகுக் கலத்தில் ஒரு அளவு எடுக்க வேண்டியிருந்தது. அவள் டெங்குவில் இறந்து ஐந்து வாரம் ஆகிறது.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு லோக்கல், டிக்கெட் பத்து ரூபாய், சுமார் அரை மணி நேரம். காலையில் கூட்டமெல்லாம் எதிர்ப்பக்கம்தான், உட்கார இடம் கிடைக்கும். ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"ஒண்டியாவா சார்? இன்னும் ரெண்டு பேர் வரட்டும்," என்றார் ஆட்டோக்காரர்.

ஒண்டிதான் என்றேன்.

ஜென்சி வேலை பார்த்தது கார்பன் டை ஆக்சைடைப் பூமிக்கு அடியில் செலுத்திப் புதைக்கும் திட்டத்தில். ஆழத்துத் தண்ணீரில் வாயு கரைந்து அமிலமாகும், வாயுவைச் செலுத்தும் ஆழ்கிணற்றுச் சுவரின் சிமென்ட்டை அரிக்கும். எவ்வளவு அமிலம் என்பதை ஆழத்தில் இருக்கும் அதே அழுத்தத்திலேயே அளக்க வேண்டும். திறந்தால் சோடா பாட்டில் மாதிரி வாயு போய்விடும், தண்ணீர் சாதுவாகத் தெரியும். மற்றவர்கள் பீக்கரில் அளந்து பயமில்லை என்றபோது, தப்பு என்றவள் ஜென்சி ஒருத்திதான். அமிலத்தைக் காட்டும் பி.எச். எண் நான்குக்குக் கீழே இருக்கும் என்றாள்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். அதைக் காட்ட, மிச்சமிருந்த கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் அமிலத்துக்கேற்ப நிறம் மாறும் சாயம் கலந்து, வாயுவோடு நூறு பார் அழுத்தத்தில், கண்ணாடி ஜன்னல் வைத்த அந்தக் கலத்தில் அடைத்திருந்தாள். ஜன்னல் வழியாக நிறத்தை அளந்தால் போதும்.

நான் போனபோது கலம் பளபளவென்று இருந்தது. ஜன்னல் மேல் சந்தனம், குங்குமம். அழுத்தமானியில் பூஜ்யம்.

"பூஜைக்கு எல்லா மிஷினையும் காலி பண்ணி கழுவிட்டேன் சார்," என்றார் டெக்னீஷியன் ஏழுமலை அண்ணன். "அக்காது மட்டும் அழுக்கா கீதுன்னா நல்லாவா இருக்கும்?"

"உள்ள இருந்த தண்ணி?"

"புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு. அப்பால பீக்கர்ல புடிச்சு மேனேஜர் சாராண்ட குட்த்துட்டேன்."

மேனேஜர் உற்சாகமாக இருந்தார். "5.6 சார். நல்ல நம்பர். ரிப்போர்ட்ல மேடம் பேரைத்தான் போடறோம்."

"அவ பேர் வேணாம் சார். அது தப்பான நம்பர்."

"இன்னா சார் நீங்க," ஏழுமலை அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்காவுக்கு நம்மளால ஆன மரியாதை." பூஜைப் பொரிப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். அக்கா பங்காம். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

இப்படி வேலையாகப் போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு முன் போனால் ஆட்டோ சீக்கிரம் நிரம்பும். கலத்தில் சோதனைக்கான மாதிரித் தண்ணீர் இருந்தால் 'திறக்காதீர்கள்' என்று தமிழில் ஒட்டுங்கள். பூஜைக்கு முன் ஒருமுறை வாயாலும் சொல்லிவிடுங்கள்.

அறிக்கை அடுத்த மாதம் வருகிறது. அந்தத் தண்ணீரால் ஆபத்தில்லை என்று சொன்னவள் ஜென்சி என்று அதில் இருக்கும்.