ஒரே ஒரு முகவரி மிஞ்சிய பட்டியல்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நெட்வொர்க் பார்க்கிறேன். வீட்டில் இதை ஒயர் மாட்டுகிற வேலை என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

எங்கள் கணினிகளில் எந்தெந்தத் தளம் திறக்கலாம் என்பதற்கு, இணையத்துக்குக் காவல் நிற்கிற ஃபயர்வாலுக்குள் ஒரு பட்டியல் உண்டு. அட்ரஸ் குரூப் என்போம். அதில் இருக்கிற முகவரி திறக்கும், இல்லாதது திறக்காது. ஆனால் ஒரு முகவரியைச் சேர்ப்பதற்குள் ஏழு திரை தாண்ட வேண்டும். ஏஐ ஏஜெண்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டால், வேண்டியதைப் பேசுவதுபோலத் தட்டச்சு செய்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று செக்ஷன் தலைவரை மூன்று மாதம் நச்சரித்தேன். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "அது பாக்கட்டும். மாத்துறத நாம கையால பண்ணுவோம்" என்றார் அண்ணன். மாற்றவும் அதையே விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில், "என்னமோ பண்ணு, ஆள விடு" என்று அனுமதி கொடுத்தார்.

அந்த வாரமே அவர் விடுப்பில் இருந்த ஒரு மதியம், சோதனை அறையிலிருந்து அக்கா வந்தார். பாக்கிங்கில் பெட்டி ஒட்டிக்கொண்டே தபால் வழியில் பட்டம் முடித்து, சோதனை அறைக்கு மாறி வந்தவர். மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். அந்தக் கெடு முடிய இரண்டு நாள்தான் பாக்கி. அன்றைக்கு முதல்முறையாக, அனுப்பப்போகும் சரக்கின் சோதனைச் சான்றிதழ்களை அவரே தனியாக, வாங்குகிற கம்பெனியின் தளத்தில் நாலு மணிக்குள் ஏற்ற வேண்டும். தவறினால் சரக்கு வண்டி நகராது. அக்கா மறுபடி பாக்கிங்குக்குப் போக வேண்டியதுதான்.

"தம்பி, அவங்க சைட்டு மாறிப்போச்சாம். புது அட்ரஸ் அனுப்பிருக்காங்க. தொறக்க மாட்டேங்குது."

"ரெண்டே நிமிஷம்கா."

ஏஜெண்ட்டைத் திறந்து, இந்த முகவரியைக் குரூப்பில் சேர் என்று அடித்தேன். ஒரு முகவரியோடு குரூப் புதுப்பிக்கப்படும், தொடரலாமா என்று கேட்டது. தொடரச் சொன்னேன். முடிந்தது என்று பச்சை டிக் வந்தது. உண்மையில் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்காவைப் பார்த்துப் பெருமையாகச் சிரிக்கவும் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அக்கா அந்தப் பக்கம் போனதும் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. கணக்குப் பிரிவில் மெயில் வரவில்லை. ஸ்டோரில் ஆர்டர் பக்கம் இல்லை. வருகைப் பதிவு மெஷின் சிவப்பாக மினுக்குகிறது. குரூப்பைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு முகவரி. புதுசாக வந்தது மட்டும். ஏஜெண்ட் அதைப் பழைய பட்டியலோடு சேர்க்காமல், இதுதான் முழுப் பட்டியல் என்று ஃபயர்வாலிடம் கொடுத்துவிட்டது. மற்றதெல்லாம் போய்விட்டது.

பழசைத் திருப்பிப் போடு என்றேன். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்றது. முன்பு இருந்த பட்டியல் தன்னிடம் இல்லையாம். வேண்டுமானால் உத்தேசமாக ஒன்று தயாரித்துத் தருகிறதாம்! இவ்வளவு மரியாதையான ஆளை எப்படித்தான் திட்டுவது? எழுந்து நின்று திட்டினேன். பழைய பட்டியலுக்கு பேக்கப் இருந்தது. அதன் பாஸ்வேர்டு அண்ணனிடம் இருந்தது. அண்ணனோ தன் மகளின் அட்மிஷனுக்காகக் காலாப்பட்டு யூனிவர்சிட்டியில் இருந்தார், ஃபோனை எடுக்கவில்லை.

சரி, விடுபட்டதைக் கேட்டுக் கேட்டுச் சேர்ப்போம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இங்கே யாருக்கும் எந்த முகவரியும் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்தது திரையில் இருக்கிற படம்தான். முதலில் ஸ்டோர்காரரைக் கேட்டேன்.

"அதாம்பா, லாரி படம் போட்டுருக்குமே, அந்தப் பக்கம்."

"பேரு என்னா சார்?"

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? லாரிய அழுத்துவோம், வரும்."

மூன்றே முக்காலுக்குச் சோதனை அறைக்குப் போனேன். புதுத் தளம் திறந்திருந்தது. ஆனால் உள்ளே போகிறதற்கான பக்கம் வேறு முகவரியிலிருந்து வருகிறது. அது பழைய பட்டியலோடு போய்விட்டது. அக்கா நாற்காலியில் உட்காரவே இல்லை. வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபயர்வால் பதிவில் தேடினேன். தடுக்கப்பட்டவை மழை மாதிரி கொட்டின. அதில் அக்காவுடையது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"அக்கா, பென் டிரைவ்ல எடுத்து உங்க ஃபோன்லேர்ந்து ஏத்திடுங்க."

கம்பெனிக் காகிதத்தைச் சொந்த ஃபோனில் தொட்டால் வேலை போகும். அந்தச் சுற்றறிக்கையை அடித்து ஒட்டியதே நான்தான்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எழுதிக் குடு."

"என்னாத்தக்கா?"

"நீதான் பண்ணச் சொன்னேன்னு. கையெழுத்துப் போட்டு, மணி போட்டு."

"அக்கா, டைம் ஆவுது!"

"உனக்கு ஆவுது. எனக்கு இது போச்சுன்னா எல்லாம் போச்சு. எழுது."

சோதனை அறைத் தாளிலேயே எழுதினேன். என் தவறான மாற்றத்தால் இணையம் நின்றது, என் சொல்படியே இவர் சொந்த ஃபோனைப் பயன்படுத்துகிறார். அக்கா ஒரு முறை வாசித்து, தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். போட்டேன். அதை மடித்துக் கைப்பையில் வைத்த பிறகுதான் ஃபோனை எடுத்தார். நாலுக்கு நாலு நிமிஷம் இருக்கையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது. வண்டி கிளம்பியது. சாயங்காலம் அண்ணன் ஃபோனில் கிடைத்துப் பாஸ்வேர்டு சொன்ன பிறகுதான் பழைய பட்டியல் திரும்பியது.

மறுநாள் மேலாளர் அறையில் சொந்த ஃபோன் பற்றித்தான் முதல் கேள்வி. அக்கா தாளை நீட்டினார். மேலாளர் அதை வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அதற்கப்புறம் கேள்வியெல்லாம் எனக்குத்தான். ஆறு மாதத்துக்கு ஃபயர்வாலில் நான் எதையும் மாற்றக் கூடாது, ஏஜெண்ட்டும் கூடாது, பார்க்க மட்டும்தான். பக்கத்தில் நின்ற அண்ணன் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

அக்காவுக்கு நிரந்தர உத்தரவு அந்த வாரமே வந்தது. கேன்டீனில் என் எதிரே டீயோடு வந்து உட்கார்ந்தார்.

"மூஞ்சி ஏன்டா தம்பி இப்டி இருக்குது?"

"ஆறு மாசம்கா. சும்மா வேடிக்கை பாக்கணுமாம்."

"நான் ஒம்போது வருஷம் பொட்டி ஒட்டுனேன்" என்று சொல்லிவிட்டு அக்கா டீயை ஊதிக் குடித்தார்.