நாலு விரல் தண்ணீர்

என் அக்கா மகன் எழுந்து நடக்க மருத்துவர் ஒரு விலை சொன்னார்: ஒரு நீச்சல் குளம். தினமும் தண்ணீருக்குள் பயிற்சி செய்தால் அந்த எட்டு வயதுக் கால்கள் தேறலாம். 'தேறும்' என்று அவர் சொல்லவில்லை. 'தேறலாம்.' கடையில் இப்படிப் பேசும் ஆளிடம் நான் ஒரு திருகாணிகூட வாங்க மாட்டேன். ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் குளம் கட்டினோம். குழாய் பதித்தது நான். இனி சொல்லப் போவது அத்தனையும் நடந்தது. நம்பச் சொல்லிப் பேரம் பேச மாட்டேன்.

குளம் நிரப்பிய முதல் வாரமே கசிவு. ராத்திரிக்கு நாலு விரல் இறங்கியது.

"ஊருக்கெல்லாம் ஒழுகாத பைப் போடுறே. அக்கா வீட்டுக்கு மட்டும் ஸ்பெஷலாடா?" என்றாள் அக்கா.

குழாய் வாய்களை எல்லாம் அடைத்து, காற்று ஏற்றி அழுத்தம் பார்த்தேன். அழுத்தமானியின் முள் அசையவில்லை. சுவரோரம் சாயம் விட்டேன். விரிசல் இருந்தால் அது சாயத்தை உறிஞ்சும். சாயம் விட்ட இடத்திலேயே நின்றது.

மிச்சம் வாளிச் சோதனைதான். குளத்துப் படியில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, வாளிக்கு உள்ளே தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு, வெளியே குளத்து மட்டத்தில் ஒரு கோடு. கசிவு என்றால் வெளியே மட்டும் இறங்கும். காற்றில் உலர்வது என்றால் இரண்டும் மயிரிழை இறங்கும். இதிலும் பிடிபடவில்லை என்றால் காலையில் குளத்தை உடைக்க ஆள் வரும். பையனின் கால்களும் அதோடு சரி.

ராத்திரி 11.10. கோடு போட்டேன். ஜன்னலோரம் படுத்திருந்தவன் கூப்பிட்டான்.

"மாமா, தாகமா இருக்கு."

"இப்பத்தானேடா ஒரு சொம்பு குடிச்சே, தவளை. குளத்துல குறையறது உன் வேலைதானா?"

சிரித்தான். குடித்தான். தூங்கிவிட்டான்.

1.40. வெளியே நாலு விரல் இறங்கியிருந்தது.

வாளிக்குள்ளும் நாலு விரல்.

வாளியைத் தூக்கித் துடைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

குடிக்கலாம் என்று என் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். புதுசு. சீல் உடைக்காதது.

நாலு விரல் குறைந்திருந்தது.

மடக்...

குளத்தில் அலை இல்லை.

மடக்... மடக்...

சத்தம் குளத்திலிருந்து வரவில்லை. ஜன்னலிலிருந்து.

ஓடினேன். பையன் கண் திறந்து கிடந்தான். உதடு வெடித்திருந்தது.

"மாமா... போதும்னு சொல்லு."

"யார்கிட்டடா?"

என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

நான் திரும்பவில்லை.

இப்போது குளத்தில் மண் கொட்டி மூடியாயிற்று. பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வேர்வை இல்லை, சிறுநீர் இல்லை, படுக்கை நனையவும் இல்லை. "ஏத்தறது எங்க போகுதுன்னு எங்களுக்கே புரியலைங்க," என்றார் நர்ஸ். தினமும் காலையில் எடை பார்க்கிறார்கள்.

நேற்று ராத்திரி ஏற்றிய குளுக்கோஸ் ஒன்றரை லிட்டர். எடையில் ஏறியது ஒன்றுமில்லை. இறங்கியது அரைக் கிலோ. மீதி பையன், பதினான்கு கிலோ.